மக நட்சத்திரம், சிம்ம ராசி

விளக்கை ஒரேயடியாக அணைத்துவிடக் கூடாது. சாயங்காலம் தானாக வருகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சின்னப் பிள்ளைகள் வீரிட்டு அழும், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் கதவைத் திறப்பாள், கதவு திறந்தால் வெளியே கொளுத்துகிற மூன்று மணி வெயில் உள்ளே புகுந்து செய்துவைத்த இரவைக் கெடுத்துவிடும். இந்தக் கோளரங்கத்தில் இத்தனை வருஷமாக மைக் பிடித்துக் கதை சொல்லும் ஏகாம்பரம் ஒரு நாளும் அவசரப்பட்டு இருட்டைக் கொண்டுவந்ததில்லை. இன்றைக்கு விரல் அவசரப்பட்டது. இருட்டிவிட்டால் தேவலை, இருட்டிவிட்டால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்த அம்மாள் என்றால் சம்பந்தியம்மா தனபாக்கியம், மகள் சுடர்க்கொடியின் மாமியார். வாலாஜாவிலிருந்து மருமகளோடு வந்திருக்கிறாள், காலையில் ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனைகள் முடிந்தன, நாளைக்கு அட்மிஷன், வியாழக்கிழமை இருதய வால்வு ஆபரேஷன். நடுவில் கிடைத்த ஒரு மத்தியானத்தில் கடற்கரைக்குப் போகலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, இங்கேதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். வராந்தாவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு (இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை, அவள் கழற்றினாள்) அவர் முன்னால் வந்து நின்று சொன்னாள். “அண்ணே, மத்ததெல்லாம் எனக்குப் புரியாது. எங்க சுடரு நட்சத்திரத்தை மட்டும் கண்ணால காட்டிடுங்க. மாசா மாசம் மக நட்சத்திரம், சிம்ம ராசின்னு குருக்கள்கிட்ட சொல்லி அர்ச்சனை பண்றேன். அது எங்க இருக்குது, எப்படி இருக்குதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. வியாழக்கிழமை கண்ணு முழிச்சா முழிக்கிறேன், இல்லன்னா இல்ல. அதுக்கு முன்ன பாத்துட்டா நிம்மதி.” சுடர் சுவரில் மாட்டியிருந்த சனிக்கிரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கம் திரும்பாமல், “எதையாவது ஒன்னைக் காட்டிடுங்கப்பா,” என்றாள். அவ்வளவுதான். அந்த ‘எதையாவது’ இன்னும் அவர் காதிலிருந்து இறங்கவில்லை.

சுடர்க்கொடியின் நட்சத்திரம் மகம் இல்லை, ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்று ஊர் முழுக்க நம்புகிறது. ஏகாம்பரம் நம்புவதில்லை. நம்பாத மனிதர்தான் அதை ஜாதகத்தில் மாற்றினார், வேடிக்கை அதுதான். நம்புகிற அலமேலு, அவர் மனைவி, கூடவே கூடாது என்றாள். “நட்சத்திரத்த மாத்தறதும் பெத்தவள மாத்தறதும் ஒன்னுங்க. பொண்ணுக்குக் கல்யாணம் ஆவலன்னாலும் பரவால்ல, இந்தப் பாவம் வேணாம்,” என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் சிரித்தார். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது, தோளைக் குலுக்கிச் சிரித்தார். நட்சத்திரமாவது பாவமாவது. எட்டாத தூரத்தில் எரிந்துகொண்டிருக்கிற வாயு, அதற்கும் வாலாஜாவில் ஒருத்தி மூச்சுக்கும் என்ன சம்பந்தம். அதை இந்த மைக்கில் தினமும் சொல்கிறவர் அவர். ஆனால் வந்த வரன் எல்லாம் ஆயில்யமா என்று கேட்டதோடு போனை வைத்துவிட்டது. ஒரு வீட்டில் காபித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சுடர் அந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு அப்பன் என்று ஒருவன் சும்மா இருப்பானா? மறுநாள் சாப்பாட்டு வேளையில், இந்தக் குவிமாடத்துக்குள் யாரும் இல்லாதபோது, மெஷினைப் போட்டு வானத்தை சுடர் பிறந்த விடியற்காலைக்குத் திருப்பினார். சந்திரன் பாம்பின் தலைமேல் இருந்தது. ஆயில்யம் அதுதான், பாம்புத்தலை. பொத்தானை அழுத்திப் பிடித்தார். பகல் கழிந்தது, சாயங்காலம் வந்தது, சந்திரன் நகர்ந்து நகர்ந்து பாம்பை விட்டுச் சிங்கத்தின் எல்லைக்குள் புகுந்தது. விரலை எடுத்தார். விடியற்காலையில் பிறந்த பெண் ராத்திரியில் பிறந்தவளானாள், கடகம் சிம்மமாயிற்று, ஆயில்யம் மகமாயிற்று. டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டார். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

“குழந்தைகளே, இருட்டுன்னா யாருக்காவது பயமா?” என்று மைக்கில் கேட்டார். “இல்லை!” என்று நீலச் சீருடைப் பள்ளிக்கூடம் கத்தியது. பின்வரிசையில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள், மசாலா வாசனை ஏசிக் காற்றில் கலந்தது. நடுவில் பெரிய எறும்பு மாதிரி நிற்கிற மெஷின் உறுமிவிட்டுத் தலையைத் திருப்பியது, மாடம் முழுக்க நட்சத்திரம் பூத்தது, எப்போதும் போல ஒரு பெரிய ‘ஆ’ எழுந்தது. அந்த ‘ஆ’வுக்குள் தனபாக்கியத்தின் குரலும் இருந்தது, அவருக்குத் தனியாகக் கேட்டது. அவளை வேண்டுமென்றே தன் மேஜைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்திருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்ததும் பயந்து சுடரின் கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் விடவில்லை. மேஜைமேல் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கில் அது தெரிந்தது. அம்புக்குறியை மேற்கே கொண்டுபோனார். “அதோ பாருங்க, கொத்தா ஆறு நட்சத்திரம். கார்த்திகைப் பெண்கள்.” இங்கேயிருந்து ஒரு சாலை. கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், அப்புறம் ஆயில்யம், அப்புறம் மகம். சந்திரன் நடக்கிற சாலை. தினமும் யோசிக்காமல் நடந்துபோகிற சாலைதான், வீட்டுக்குப் போகிற வழி மாதிரி. இன்றைக்கு ஒவ்வொன்றாகக் கடக்கும்போதும் இன்னும் இத்தனைதான் பாக்கி என்று எண்ணிக்கொண்டே வந்தார். கார்த்திகையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். கதையை நீட்டலாம். ஏழு ரிஷிகளின் மனைவிமார் மேல் அக்கினிக்கு ஆசை வந்தது, அக்கினி மேல் ஆசைப்பட்ட சுவாகா தேவி அந்த மனைவிமார் ஒவ்வொருத்தியாக வேஷம் போட்டுக்கொண்டு அவனிடம் போனாள், ஆறு வேஷம் போட்டாள், ஏழாவது அருந்ததியின் வேஷம் மட்டும் அவளுக்கு வரவில்லை. சேதி பரவியதும் ரிஷிகள் செய்யாத தப்புக்கு ஆறு பேரையும் வீட்டை விட்டுத் துரத்தினார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சுற்றி வளைத்து, பூசி மெழுகித்தான் சொல்வது வழக்கம். சொல்லிக்கொண்டே வந்தவர், ‘வேஷம் போட்டவள்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்கி நின்றார். இருமல் வந்த மாதிரி இருமிவிட்டு ரோகிணிக்குப் போனார்.

ரோகிணி சந்திரனுக்குப் பிடித்தமானவள். இருபத்தேழு பெண்டாட்டிகளில் அவள் வீட்டிலேயே அவன் தங்கிவிட, மற்றவர்கள் அப்பா தட்சனிடம் போய் அழ, தட்சன் மாப்பிள்ளையைத் தேய்ந்து போ என்று சபித்தான். இந்தக் கதைக்குப் பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள், சிரித்தார்கள். இருபத்தேழு பெண்ணையும் ஒருத்தனுக்கே கட்டிக்கொடுத்த அப்பனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அப்பன்மார் எல்லாம் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். நல்லதுக்குத்தான் செய்தேன், என்று அவர் மனசுக்குள் சொன்னார், சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல். அம்புக்குறி வேடனுக்கு வந்தது. இடுப்பில் மூன்று நட்சத்திரம், தோளில் சிவப்பாகத் திருவாதிரை. பிள்ளைகளுக்குக் கிரேக்கத்து வேடன் கதைதான் சொல்வார், தேள் கொட்டிச் செத்தவன் கதை. நம்மூர்க் கதையைச் சொல்ல மாட்டார். நம்மூர்க் கதையில் அந்த மூன்று நட்சத்திரம் இடுப்பு இல்லை, அம்பு. பெற்ற மகளிடமே தப்பாக நடக்கப் போன ஒரு அப்பன் மான் வேஷத்தில் ஓட, சிவன் விட்ட அம்பு அது. குத்தினபடியே நிற்கிறது, யுகம் யுகமாக. சிறு பிள்ளைகளிடம் சொல்லக்கூடாத கதை. அவர் செய்தது அந்த மாதிரி இல்லையே, சீச்சீ, அதையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாமா? ஆனாலும் அம்பைப் பார்க்கும்போது மார்பை யாரோ தொட்ட மாதிரி இருந்தது. “தேள் கொட்டின வலியில வேடன் அப்படியே விழுந்தான்,” என்றார் மைக்கில், குரல் நன்றாகத்தான் இருந்தது.

எப்போது ஆரம்பித்தது இந்த உறுத்தல்? கல்யாணமான முதல் வருஷம் ஒன்றும் இல்லை. காரியம் முடிந்தது, மாப்பிள்ளை நல்லவர், தலை தப்பியது என்றுதான் இருந்தார். மாமியார்க்காரி கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நாலு வார்த்தை கடுமையாகப் பேசுகிறவளாக, சீர் பத்தவில்லை என்று முகம் தூக்குகிறவளாக இருந்திருந்தால், இவளுக்கு இது வேண்டியதுதான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவளோ சுடர் டெங்குவில் விழுந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மருமகளுக்காக மொட்டை போட்ட மாமியாரை அவர் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தனம் பூசின தலையோடு வந்து, “மகத்துக்காரி, அவளுக்கு ஒன்னும் ஆவாது அண்ணே, மகம் ஆளப் பொறந்த நட்சத்திரம்,” என்று அவருக்கே தைரியம் சொன்னாள். அலமேலு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த முடி இன்னும் கழுத்தளவுதான் வளர்ந்திருக்கிறது, சிவப்பு விளக்கில் நரை தெரிகிறது. மாதா மாதம் மகத்தன்று அர்ச்சனை. உடைத்த தேங்காய் மூடியை மருமகள் கையில் கொடுத்து, “உம் பேருக்கு, உன் நட்சத்திரத்துக்கு,” என்று சொல்வாளாம். அதற்கு முதல் நாள்தான் நிஜமான நட்சத்திரம், ஆயில்யம். அன்றைக்கு அலமேலு போன் செய்து ரகசியமாக வாழ்த்துவாள். ஒருதரம் சுடர் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். “அத்தை எனக்காக வேண்டறதெல்லாம் யாரோ ஒரு பொண்ணுக்குப் போவுதுப்பா. மகத்துல பொறந்த யாரோ ஒருத்தி எங்கியோ சௌக்கியமா இருக்கா. நான் நடுவுல தேங்காமூடி வாங்கித் தின்னுட்டு உக்காந்திருக்கேன்.” அவர் சிரித்து மழுப்பினார். சாமிக்குத் தெரியாதா யாருக்கு என்று, அப்படி ஏதோ சொன்னார். சாமியே இல்லை என்கிற மனுஷன் வாயில் வருகிற பேச்சா அது? சுடர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவாள்.

புனர்பூசம். இரட்டையர். அண்ணன் செத்துப்போனதும் தம்பி தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தான். ஆயுளைப் பங்குபோட முடியும் கதைகளில். வியாழக்கிழமை என்ன ஆகும்? டாக்டர் பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னார், வயசுக்கு நல்ல உடம்பு என்றார். வால்வு கெட்டது சிறு வயதில் வந்த ஜுரத்தால், சுடர் பிறப்பதற்கு முன்னாலேயே கெட்டுப்போன வால்வு. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? பாம்புத்தலை நட்சத்திரம் இருக்கிற தூரத்துக்கு வெளிச்சம் வந்து சேரவே நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், அது எப்படி ஒரு வால்வைக் கெடுக்கும்? எல்லாம் தெரியும். தெரிந்தும், போன வாரம் சேதி வந்ததிலிருந்து ராத்திரியில் முழிப்பு வந்துவிடுகிறது. அலமேலு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரியும். அவள் ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மூடநம்பிக்கை என்று கத்தியிருக்கலாம். பேசாமல் இருக்கிறவளிடம் என்ன கத்துவது? அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நட்சத்திரத்தால் ஆனதில்லைதான். ஆனால் அலமேலு அப்படித்தான் நினைப்பாள். சுடரும் ஒரு மூலையில் அப்படித்தான் நினைப்பாள், மாமியாரைத் தின்றவள் என்று தன்னைத்தானே ராத்திரியில் சொல்லிக்கொள்வாள், யாரிடமும் சொல்ல முடியாமல். அவளுக்கு இந்தச் சுமையைத் தூக்கிக் கொடுத்தது நட்சத்திரமா, அப்பனா? மாற்றாமல் விட்டிருந்தால் வெறும் ஆயில்யத்துக்காரியாக இருந்திருப்பாள். மாற்றியதால் ஏமாற்றுக்காரியாகவும் ஆனாள். மைக்கில் அவர் குரல், “பூசம், ரொம்ப மங்கலா, பஞ்சு மாதிரி தெரியும், உத்துப் பாருங்க,” என்றது. பிள்ளைகள் தெரியுது தெரியுது என்றார்கள். சில பேர் தெரியாமலே சொன்னார்கள், அதுவும் அவருக்குத் தெரியும்.

பூசத்துக்கு அடுத்தது பாம்பு. தினமும் இங்கேதான் காக்கைக் கதை சொல்வார், இந்தக் காட்சியிலேயே பிள்ளைகளுக்குப் பிடித்த கதை. கிரேக்க தேசத்துச் சூரிய தேவன் காக்கையிடம் ஒரு கிண்ணம் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். காக்கை வழியில் அத்திப்பழத்தைப் பார்த்தது, பழம் பழுக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டது, தின்று முடித்துவிட்டு ஒரு தண்ணீர்ப் பாம்பைக் காலில் பற்றிக்கொண்டு போய், இந்தப் பாம்புதான் என்னைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தது என்று வாய் கூசாமல் சொன்னது. தேவனுக்குக் கோபம் வந்து காக்கை, கிண்ணம், பாம்பு மூன்றையும் வானத்தில் வீசினான். கிண்ணம் காக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எட்டாது. காக்கைக்குத் தீராத தாகம். பொய் சொன்ன காக்கைக்குத் தண்டனை, சரி. பாம்பு என்ன செய்தது? அதுபாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது. இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார், ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. இன்றைக்குப் பாம்பைச் சொல்லாமலே தாண்டிவிட வேண்டும் என்று வராந்தாவிலேயே முடிவு செய்திருந்தார். பூசத்திலிருந்து நேராகச் சிங்கத்துக்குப் போய், மகத்தைக் காட்டி, அந்த அம்மாள் கும்பிட்டதும் சப்தரிஷிக்குப் போய், விடியலைக் கொண்டுவந்துவிட வேண்டும். அம்புக்குறியை நகர்த்தினார். நகர்த்தும்போது அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் என்ன அழகான யோசனை என்று தோன்றியது, இருட்டில் தனியாகப் புன்னகை செய்தார். பாம்புத்தலையைக் காட்டி இதுதான் மகம் என்று சொல்லிவிட்டால் என்ன? அவளுக்கு வானம் தெரியாது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, கும்பிடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும், ஒரே ஒரு தடவையாவது. சுடருக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்த மாதிரி ஆகும். பொய்யும் சொன்ன மாதிரி இல்லை, மெய்யும் சொன்ன மாதிரி இல்லை. இந்த மாடத்துக்குள் அவர் ஒரு நாளும் ஒரு நட்சத்திரத்தைத் தப்பாகக் காட்டியதில்லை. வெளியே என்ன செய்தாலும் உள்ளே வானம் சுத்தம், அது ஒன்றுதான் அவரிடம் பாக்கி இருந்த யோக்கியதை. அதையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அதைக் கொடுப்பது பெரிய தியாகம் என்றுகூட ஒரு கணம் நினைத்துக்கொண்டார், மனுஷ புத்தி.

“இங்க நம்ம விருந்தாளி ஒருத்தங்க கேட்டிருக்காங்க,” என்றார் மைக்கில். “மக நட்சத்திரம். இதோ.” அம்புக்குறி பாம்புத்தலையில் நின்றது. மங்கலான சின்ன வளையம், ஐந்தாறு புள்ளி. இருபது முழம் தள்ளி நிஜமான மகம் கண்ணைப் பறித்துக்கொண்டு மின்னியது, அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாத் தலையும் அம்புக்குறி இருக்கிற இடத்தைத்தான் பார்த்தது. தனபாக்கியம் சுடரின் கையை விட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள், உதடு அசைந்தது, “சுடர்க்கொடி, மக நட்சத்திரம், சிம்ம ராசி,” என்று முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது. சுடரின் தலை நாற்காலியிலிருந்து நிமிர்ந்தது. சின்ன வயதில் அரைப்பரீட்சை விடுமுறை முழுக்க இந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தை மனப்பாடம் செய்தவள் அவள். அம்புக்குறியைப் பார்த்தாள், சிங்கத்தைப் பார்த்தாள், பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லது. மைக்கை அணைத்துவிட்டு இசையைப் போட்டார், வீணையும் புல்லாங்குழலுமாகப் பதிவு செய்து வைத்த இசை, சப்தரிஷி மேலே ஏறி வருகிற வரைக்கும் ஓடும். வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முடிந்தது. ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டார்.

“அண்ணே,” என்று பக்கத்து இருக்கையிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. “மகம் பாத்துட்டேன். ஆயில்யம் எதுன்னு காட்டுங்க.” தெரிந்துபோய்விட்டது, சுடர் சொல்லிவிட்டாள், இல்லை அலமேலு சொல்லிவிட்டாள், குட்டு உடைந்துவிட்டது. “எதுக்கும்மா அது?” என்றார். அவள் வானத்தைப் பார்த்தபடியே பேசினாள். “சுடருக்கு முன்ன எம் பையன் மோகனுக்கு ஒரு பொண்ணு பாத்தோம் அண்ணே. ராணிப்பேட்டையில. கோயில்ல வெச்சுப் பாத்தோம், எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, அங்கியே பூ வெச்சுட்டு வந்துட்டேன். ஜாதகம்கூடக் கேக்கல. மறுநா காலையில அவங்க அப்பாரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. அம்மா, பொண்ணு ஆயில்யம், பின்னால தெரிஞ்சு நீங்க மனசு நோவக்கூடாது, மறைக்க எனக்கு மனசு வரலன்னாரு. நான் உள்ள கூப்புட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கல. எம் உசுரு எனக்குப் பெருசாப் போச்சு. வேணாம்னு வாசல்லயே சொல்லி அனுப்பிச்சுட்டேன். பூ வெச்ச பொண்ணு, அண்ணே. அதுக்கப்புறம் அதுக்குக் கல்யாணமே அமையலன்னு சொன்னாங்க. இப்ப நெஞ்சுல கத்தி வெக்கப் போறாங்கன்னதும் எனக்கு அந்த மனுசன் நின்ன நிலைதான் ஞாபகம் வருது. நேர்ல போயி கேக்க முகம் இல்ல. அந்தப் பொண்ணு நட்சத்திரத்தையாவது பாத்து மன்னிச்சுக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன். எது, காட்டுங்க.”

இசை ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் ஏதோ ஒரு பல்சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது, எண்ணெய் போட வேண்டும். அம்புக்குறியை இப்போது எங்கே கொண்டுபோவது? சிங்கத்தின் மார்பில் மின்னுகிற மகத்துக்குக் கொண்டுபோய் இதுதான் ஆயில்யம் என்று சொன்னால் தீர்ந்தது, அவள் நம்புவாள், கும்பிடுவாள். மன்னிப்பும் விலாசம் தப்பிப் போகும். ஒன்றை மாற்றினால் அடுத்ததை மாற்ற வேண்டும், அதற்கடுத்ததையும், கடைசியில் வானம் முழுக்க மாற்றிவிட வேண்டியதுதான். விரல் பொத்தான்மேல் இருந்தது. மறைக்க எனக்கு மனசு வரல என்றாராம் ஒரு மனுஷன். அந்த மனுஷனுக்கும் ஒரு பெண், அந்தப் பெண்ணும் வந்துபோனவர்களின் தம்ளரைக் கழுவியிருப்பாள். பொத்தானை அழுத்தவில்லை. “நகர்த்த வேண்டியதில்லம்மா,” என்றார். “இப்ப நீங்க கும்பிட்டது ஆயில்யந்தான்.” “மகம்னீங்களே?” “மகம் அந்தாண்ட இருக்குது, பெரிசா.” அவளுக்குப் புரியவில்லை. “அப்போ எங்க சுடரு?” “சுடருக்கும் ஆயில்யந்தாம்மா. நான்தான் மாத்திச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா, அவ அம்மாவும் வேணாம்னு அழுதா. நான்தான்.” சொல்லிவிட்டார். சொல்லிவிட்டால் இறங்கும் என்று இத்தனை வருஷம் எதிர்பார்த்திருந்த பாரம் இறங்கவில்லை. சுடர், “அத்தை,” என்றாள்.

இசை இன்னும் பாதிகூட ஓடவில்லை. தனபாக்கியம் திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டிவிட்டால் தேவலை. எழுந்து போவாள், மகனைக் கூப்பிடுவாள், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாகப் பயந்து முடித்தார். அவள் இருட்டில் தடவி மருமகளின் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் அந்தக் கையின்மேல் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள். “ராணிப்பேட்டைக்காரரும் உங்கள மாதிரி இருந்திருந்தா, அந்தப் பொண்ணு என் வீட்டுல வாழ்ந்திருக்கும் அண்ணே.”

இத்தனை வருஷம் ஏகாம்பரம் பயந்தது இந்த அம்மாளுக்காக, சுடருக்காக, அலமேலுவின் முதுகுக்காக. ராணிப்பேட்டையில் ஒரு பெண் இருப்பது அவருக்குத் தெரியாது. அவள் தலையில் வைத்த பூவுக்கு மேலேதான் சுடருக்கு மாலை விழுந்திருக்கிறது, அதுவும் தெரியாது. உண்மை சொன்ன அப்பன் வாசலோடு திரும்பிப் போக, பொய் சொன்ன அப்பன் பந்தலில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்திருக்கிறான். சப்தரிஷிகள் உச்சிக்கு வந்துவிட்டார்கள், இசை முடியப்போகிறது, மைக்கைப் போட்டுப் பேச வேண்டும். ஏதாவது கேட்காமல் அவரால் பேச முடியாது போலிருந்தது. “அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?” என்றார். அவள் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள், பிறகு கையை விரித்தாள்.

“பேரு மறந்துபோச்சு அண்ணே. நட்சத்திரம் மட்டுந்தான் ஞாபகம் இருக்குது.”